அளவீட்டுத் தரவிலிருந்து மோட்களைப் பொறுக்குவது: எதை வைப்பது, எதை விடுவது

ஒரு பொருளைச் சுத்தியலால் தட்டி, சென்சாரால் அளந்து, அது எந்தெந்த அதிர்வெண்ணில் எந்த வடிவில் இயல்பாக அதிரும் என்று கண்டுபிடிப்பது மோடல் அனாலிசிஸ்; அப்படி அதிரும் ஒவ்வொரு விதமும் ஒரு மோட். அதற்கான மென்பொருளில் ஸ்டெபிலைசேஷன் வரைபடத்தைத் திறந்தால் திரை முழுக்க எஸ், எஃப், வி என்று சின்னங்கள் சிதறிக் கிடக்கும், அவற்றில் சில மட்டும் செங்குத்தாக வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலானவர்கள் அந்த வரிசைகளின் மேல் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டே போய், இருபது மோட் கிடைத்தது என்று அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். அந்த இருபதில் எத்தனை அந்தப் பொருளுக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் வராது. வரைபடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மாடல் ஆர்டரை (கணக்கில் எத்தனை மோட் வரை இடம் கொடுக்கிறோம் என்பதை) ஏற்றிக்கொண்டே போனாலும் இதே விடை திரும்பத் திரும்ப வருகிறது. அது உண்மையான மோடாக இருக்கலாம், மின் இணைப்பிலிருந்து கசிந்த இரைச்சலாக இருக்கலாம், பொருளைத் தொங்கவிட்டிருக்கும் கயிறாகவும் இருக்கலாம். கணக்குக்கு எல்லாம் ஒன்றுதான். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

அதனால் கிளிக் செய்யும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் தரவு நம்பத்தக்கதா, இந்த அலைவரிசையில் எத்தனை மோட் இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தரவு

எல்லா எஃப்.ஆர்.எஃப்-களையும் (அடித்த விசைக்குப் பொருள் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு அசைந்தது என்ற வரைபடங்களை) புரட்டிப் பார்க்க நேரமில்லை என்றால் ஒன்றையாவது பாருங்கள்: அடித்த இடத்திலேயே, அதே திசையில் அளந்த டிரைவ் பாயின்ட் எஃப்.ஆர்.எஃப். அதில் அடுத்தடுத்த இரண்டு சிகரங்களுக்கு நடுவே கட்டாயம் ஓர் ஆழமான பள்ளம், அதாவது எதிர் ஒத்ததிர்வு, இருக்க வேண்டும். எஃப்.ஆர்.எஃப் கலப்பெண்களால் ஆனது; முடுக்கத்தை அளந்திருந்தால் அதன் கற்பனைப் பகுதியின் சிகரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் சென்சார் இருக்கும் இடமும் சுத்தியல் படும் இடமும் உண்மையில் ஒன்றல்ல என்று அர்த்தம், அல்லது அந்தச் சிகரமே சந்தேகத்துக்குரியது. மெல்லிய தகடுகளில் ஒருபுறம் சென்சார், மறுபுறம் அடி என்று நேர் எதிரே வைத்தால் பரவாயில்லை, ஆனால் பெட்டி வடிவப் பொருட்களில் இரண்டு சுவர்களும் தனித்தனியாக ஆடும் என்பதால் இந்த ஏற்பாடு ஏமாற்றிவிடும்.

அடுத்து கோஹிரன்ஸ், அளந்த அசைவில் எவ்வளவு அந்த அடியால் வந்தது என்று சொல்லும் எண். பள்ளங்களில் அது இறங்குவது சகஜம், அங்கே அளக்க அசைவே இல்லை, இரைச்சல்தான் மிஞ்சும். சிகரத்தின் மேலேயே இறங்கினால் விஷயம் வேறு: சிக்னல் அடங்குவதற்குள் பதிவு முடிந்துபோய் லீக்கேஜ் (துண்டிக்கப்பட்ட சிக்னல் பக்கத்து அதிர்வெண்களுக்குக் கசிவது) வந்திருக்கலாம், அல்லது பொருள் நேரியல்பாக இல்லாமல் இருக்கலாம். அப்புறம் சுத்தியலின் விசை ஸ்பெக்ட்ரம். நீங்கள் மோட் தேடும் அலைவரிசையின் கடைசி வரை அது 20 டெசிபலுக்கு மேல் சரியாமல் இருக்க வேண்டும். சரிந்திருந்தால் அந்த முனையில் தெரியும் "மோட்" எல்லாம் இரைச்சலில் எழுதியவை. ரப்பர் முனையை வைத்துக்கொண்டு 2000 ஹெர்ட்ஸில் மோட் பொறுக்குகிறவர்களைப் பார்க்கலாம், அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

ரெசிப்ரோசிட்டியும் பாருங்கள்: அ-வில் அடித்து ஆ-வில் அளந்ததும், ஆ-வில் அடித்து அ-வில் அளந்ததும் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். சிகரங்கள் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் சென்சாரின் எடை பொருளைப் பாதிக்கிறது. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எத்தனை மோட் என்று முன்கூட்டியே எண்ணுவது

சிகரங்களை எண்ணினால் மோட்களை எண்ணியதாகிவிடாது. சென்சார் ஒரு மோடின் கணுவில், அதாவது அந்த மோடில் அசையாத இடத்தில், உட்கார்ந்திருந்தால் அந்த மோட் அந்த எஃப்.ஆர்.எஃப்-இல் வரவே வராது. இரண்டு முனையும் சுதந்திரமாக இருக்கும் சீரான உத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளைவு மோட்களின் அதிர்வெண்கள் ஏறக்குறைய 1 : 2.76 : 5.40 : 8.93 என்ற விகிதத்தில் வரும். நடுவில் ரெஃபரன்ஸை (சோதனை முழுதும் நகராமல் இருக்கும் சென்சாரை அல்லது அடிக்கும் இடத்தை) வைத்தால் இரண்டாவதும் நான்காவதும் காணாமல் போகும், ஏனென்றால் அவற்றின் கணு சரியாக நடுவில் இருக்கிறது. எல்லா மோடும் அசையும் இடம் முனைகள்தான். எதிர்பார்க்கும் விகிதம் கையில் இருந்தால், நடுவில் ஒன்று குறையும்போது அது தானாகத் தெரிந்துவிடும். பொருள் இவ்வளவு எளிமையாக இருக்காது என்பது சரிதான், ஆனாலும் இந்த எடை, இந்த நீளம், இந்தப் பொருள் என்றால் முதல் மோட் ஏறத்தாழ எங்கே வரும் என்று ஒரு தாளில் கணக்குப் போடாமல் தரவைத் திறப்பது எனக்கு உவப்பில்லை.

எண்ணுவதற்கான கருவி சி.எம்.ஐ.எஃப் (காம்ப்ளெக்ஸ் மோட் இண்டிகேட்டர் ஃபங்ஷன்). ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எஃப்.ஆர்.எஃப் அணியைச் சிங்குலர் மதிப்புகளாகப் பிரித்துப் போட்ட வரைபடம் அது, எத்தனை ரெஃபரன்ஸ் வைத்தீர்களோ அத்தனை கோடுகள் வரும். முதல் கோட்டின் சிகரம் ஒரு மோட். அதே இடத்தில் இரண்டாவது கோடும் கூர்மையாக எழும்பினால் அங்கே இரண்டு மோட்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் இரண்டாவது கோட்டில் தெரியும் எல்லாச் சிகரமும் மோட் இல்லை. ஒரு மோட் அடங்கி இன்னொன்று எழும் இடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று கடக்கும், மென்பொருள் அளவின்படி வரிசைப்படுத்தி வரைவதால் அந்தக் கடப்பு கீழ்க்கோட்டில் ஒரு மழுங்கிய சிகரமாகத் தெரியும். அந்த நேரம் முதல் கோட்டில் பள்ளம் இருக்கும். கீழே சிகரம், மேலே பள்ளம் என்றால் அது கடப்பு. இரண்டும் சேர்ந்து எழும்பினால்தான் இரட்டை மோட்.

சமச்சீரான பொருட்களில் இந்த இரட்டைகள் விதிவிலக்கே இல்லை, அதுதான் அங்கே இயல்பு. பிரேக் டிஸ்க் மாதிரி வட்டமான எதை எடுத்தாலும் விட்டக்கணு (விட்டத்தின் மேல் ஓடும் அசையாக் கோடு) கொண்ட மோட்கள் இரண்டிரண்டாகவே வரும், ஒன்று மற்றதைச் சுழற்றி வைத்த வடிவம். ஒரே ஒரு ரெஃபரன்ஸ் வைத்து அளந்திருந்தால், அச்சொட்டாக ஒரே அதிர்வெண்ணில் இருக்கும் இரண்டையும் எந்த அல்காரிதத்தாலும் பிரிக்க முடியாது. இரண்டும் கலந்த ஒரு வடிவம்தான் கிடைக்கும், அது பார்க்க அழகாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து. எத்தனை மோட் ஒரே இடத்தில் இருக்கிறதோ குறைந்தது அத்தனை ரெஃபரன்ஸ் வேண்டும், அவையும் வெவ்வேறு இடங்களில்.

இனி ஸ்டெபிலைசேஷன் வரைபடம்

முழு அலைவரிசையையும் ஒரே மூச்சில் பொருத்தாதீர்கள். நான்கைந்து மோட் அடங்கும் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டும் இடம் சிகரங்களுக்கு நடுவே தாழ்வான பகுதியில் இருக்கட்டும். சிகரத்தின் சரிவில் வெட்டினால் அந்த மோடின் டேம்பிங் (அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற எண்) கெட்டுப்போகும், அதை ஈடுகட்ட ஓரத்தில் பொய்த் துருவங்களும் முளைக்கும். துருவம் என்பது கணக்கு விடையாகத் தரும் ஓர் அதிர்வெண்-டேம்பிங் ஜோடி.

சின்னங்கள் என்ன சொல்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக வைக்கும் வரம்பு: முந்தைய ஆர்டரோடு ஒப்பிட்டால் அதிர்வெண் 1 சதவீதத்துக்குள், டேம்பிங் 5 சதவீதத்துக்குள், வெக்டர் (ரெஃபரன்ஸ் இடங்களில் அந்த மோடின் வடிவம்) 2 சதவீதத்துக்குள் மாறினால் அது நிலையானது, அதுதான் எஸ்; அதிர்வெண் மட்டும் நின்றால் எஃப், அதிர்வெண்ணும் வெக்டரும் நின்றால் வி. இந்த எண்கள் இயற்கை விதி எதுவும் இல்லை, பழக்கத்தில் வந்த வரம்புகள். 1000 ஹெர்ட்ஸில் 1 சதவீதம் என்றால் 10 ஹெர்ட்ஸ், அந்த இடைவெளிக்குள் இரண்டு மோட்கள் வசதியாக ஒளிந்துகொள்ளும். மேல் அதிர்வெண்களில் வரம்பை இறுக்குங்கள். இரைச்சல் நிறைந்த தரவு என்றால் டேம்பிங் வரம்பைத் தளர்த்திப் பாருங்கள், இல்லாவிட்டால் நல்ல மோடும் நிலையற்றது என்று தள்ளப்பட்டுவிடும்.

எந்த அல்காரிதம் என்பதைப் பொறுத்து படமும் மாறும். எல்.எஸ்.சி.இ, இ.ஆர்.ஏ போன்ற நேரத் தள முறைகள் நிறைய இரைச்சல் துருவங்களையும் சேர்த்துக் காட்டும், கண்ணுக்கு எரிச்சல்தான். பாலிமேக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் அறிமுகமான அதிர்வெண் தள முறையில் வரைபடம் பளிச்சென்று இருக்கும், காரணம் பொய்த் துருவங்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே எதிர்மறை டேம்பிங் வந்து அவை முன்பே கழிக்கப்பட்டுவிடுகின்றன. ரொம்ப வசதி. ஆனால் சுத்தமான படம் என்பதாலேயே அதை முழுமையான படம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலவீனமாகத் தூண்டப்பட்ட மோட், டேம்பிங் அதிகமுள்ள மோட் ஆகியவை அந்தச் சுத்தத்தில் காணாமல் போயிருக்கலாம். சி.எம்.ஐ.எஃப்-இல் ஒரு மேடு இருக்கிறது, இங்கே வரிசை இல்லை என்றால் ஆர்டரை ஏற்றிப் பாருங்கள், துண்டைச் சுருக்கிப் பாருங்கள், ரெஃபரன்ஸை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால்தான் விடலாம்.

ஒரு வரிசையில் எந்தச் சின்னத்தைத் தொடுவது? மேலே போகப் போக நல்லது என்று நினைத்து உச்சியில் இருப்பதைத் தொடுவது பலரின் பழக்கம். அதிர்வெண் சீக்கிரம் நிலைத்துவிடும், டேம்பிங்தான் வெகுநேரம் அலையும். ஆகவே வரிசையில் கீழிருந்து மேலாக டேம்பிங் எண்ணைப் பாருங்கள்: 2.1, 1.4, 0.9, 0.82, 0.80, 0.81 என்று வந்து, அப்புறம் மேலே 0.6, 0.95 என்று மறுபடி ஆடத் தொடங்கினால், 0.80 சுற்றி நிற்கும் பகுதிதான் உங்களுக்கு வேண்டியது. அதற்கு மேலே மாடல் இரைச்சலைப் பொருத்த ஆரம்பித்துவிட்டது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசைகள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. 198.9 ஹெர்ட்ஸில் ஒரு வரிசை, 200 ஹெர்ட்ஸில் இன்னொன்று, இரண்டும் நிலையானவை. இரண்டையும் எடுப்பதா, ஒன்றையா?

வடிவங்களை ஒப்பிடுவதுதான் முதல் வேலை. அதற்கு மேக் (மோடல் அஷ்யூரன்ஸ் க்ரைடீரியன்) எண், 1982-இல் ஆலமாங்கும் பிரவுனும் முன்வைத்தது. இரண்டு வடிவங்களின் உட்பெருக்கத்தின் வர்க்கத்தை, ஒவ்வொன்றும் தன்னோடு பெருக்கிக் கிடைக்கும் மதிப்புகளின் பெருக்கத்தால் வகுத்தால் 0 முதல் 1 வரை ஓர் எண் வரும். 0.9-க்கு மேல் வந்தால் இரண்டு வரிசையும் ஒரே மோட்தான், ஆர்டர் அதிகமானதால் கணக்கு அதை இரண்டாகப் பிளந்திருக்கிறது, ஒன்றை எடுங்கள். 0.1, 0.2 என்று வந்தால் இரண்டு வெவ்வேறு மோட்கள். இப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள், பாதி வரை சரி.

மீதிப் பாதி இதோ. சென்சாரை இடம் மாற்றி மாற்றி, புள்ளிகளைத் தொகுதி தொகுதியாக அளந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த மோடின் மோடல் நிறை (அந்த மோடில் அசைவதாகக் கணக்கில் வரும் நிறை) 1 கிலோ, சென்சார் 10 கிராம், வடிவம் அதிகமாக அசையும் இடத்தில் அது உட்கார்ந்தால் அதிர்வெண் ஏறக்குறைய அரை சதவீதம் இறங்கும். 200 ஹெர்ட்ஸ் மோட் 199-க்கு வந்துவிடும். டேம்பிங் 0.2 சதவீதம் என்றால் சிகரத்தின் அரைத்திறன் அகலமே 0.8 ஹெர்ட்ஸ்தான், ஆக சென்சார் நகர்ந்ததால் வந்த மாற்றம் சிகரத்தின் அகலத்தைவிடப் பெரியது. இந்த எஃப்.ஆர்.எஃப்-களை எல்லாம் சேர்த்துக் கணக்குக்குக் கொடுத்தால் அது நேர்மையாக இரண்டு துருவங்களைக் காட்டும். இரண்டுக்கும் மேக் பார்த்தால் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் ஒன்றின் வடிவத்தில் முதல் தொகுதிப் புள்ளிகள் மட்டும் அசையும், மற்றதில் இரண்டாம் தொகுதிப் புள்ளிகள் மட்டும். மேக்கை நம்பி இரண்டு மோட் என்று எழுதியிருப்பீர்கள்.

வடிவத்தை அசையவிட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும். ஒன்றில் பொருளின் ஒரு பகுதி ஆடி, மற்றது கல்லாக நிற்கும், அந்த எல்லைக்கோடு சென்சார் இடம் மாறிய தொகுதிகளின் எல்லையோடு பொருந்தும். அப்படித் தெரிந்தால் தொகுதி வாரியாகத் தனித்தனியே துருவத்தைக் கண்டுபிடித்து வடிவங்களை அப்புறம் ஒட்டுங்கள். இன்னும் நல்லது, சென்சாரை ஒரே இடத்தில் விட்டுவிட்டு சுத்தியலை நகர்த்தி மறுபடி அளப்பது. அப்போதும் சென்சாரின் எடை இருக்கத்தான் செய்யும், ஆனால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே மாதிரி இருக்கும். சோதனை வெகுநேரம் நீண்டு நடுவில் வெப்பநிலை மாறினாலோ, போல்ட் ஏதாவது தளர்ந்தாலோ இதே அறிகுறிதான் வரும்.

வடிவத்தைக் கண்ணால் பார்ப்பது

எடுத்த மோட்களை எல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆட்டோ மேக் அட்டவணை போடுங்கள். மூலைவிட்டத்துக்கு வெளியே பெரிய எண் வந்தால், அந்த இரண்டு அதிர்வெண்களும் அருகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அருகில் இருந்தால் மேலே சொன்ன பிளவு. 80 ஹெர்ட்ஸ் மோடும் 640 ஹெர்ட்ஸ் மோடும் ஒன்றுபோலத் தெரிந்தால் மோட்களில் தப்பில்லை, அளந்த புள்ளிகள் போதவில்லை. மேல் மோடின் நுணுக்கமான அலைகளைப் பார்க்க, புள்ளிகளுக்கு நடுவிலான இடைவெளி பெரிது. இதற்காக மோடைத் தூக்கி எறிய வேண்டாம், புள்ளிகளைக் கூட்டுங்கள்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு எல்லா மோடிலும் ஆடினால் அது சென்சார் ஒட்டுதல் சரியில்லாதது அல்லது சேனல் திசை தப்பாகக் கொடுத்தது. ஒரே ஒரு மோடில் மட்டும் என்றால் அந்த இடத்தில் ஏதோ தொங்குகிறது: மூடி, கேபிள், தளர்ந்த தகடு. அது உண்மையான உள்ளூர் மோட்தான், ஆனால் உங்களுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி.

கட்டத்தையும் (ஃபேஸ்) பாருங்கள். டேம்பிங் குறைவாகவும் பரவலாகவும் இருக்கும் பொருளில் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போய் ஒரே நேரத்தில் பூஜ்யத்தைக் கடக்க வேண்டும், கலப்பெண் தளத்தில் வரைந்தால் எல்லா அம்பும் ஒரே கோட்டில் படுக்கும். நாலா பக்கமும் விரிந்து நின்றால் சந்தேகப்படுங்கள். ஷாக் அப்சார்பர் போன்ற தனித்த டேம்பரோ சுழலும் பாகமோ இருந்தால் அந்த விரிவு நியாயமானது. சாதாரண வெல்டிங் சட்டத்தில் அப்படி வந்தால் பெரும்பாலும் இரண்டு மோட்களின் கலவை, அல்லது வெறும் இரைச்சல்.

வழக்கமான போலிகள் சில உண்டு. 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்: டேம்பிங் ஏறக்குறைய பூஜ்யம், ஊசி போன்ற சிகரம், அர்த்தமில்லாத வடிவம். பொருளை மென்மையாகத் தொங்கவிட்டிருந்தால் அடியில் ஆறு வரை விறைப்பு மோட்கள் (பொருள் வளையாமல் முழுதாக ஆடுவது) வரும், அவை முதல் நெகிழ்வு மோடின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதைவிட மேலே ஏறி வந்திருந்தால் தாங்குதலும் உங்கள் முதல் மோடும் கைகோத்துவிட்டன, அந்த முதல் மோடின் எண்ணை அப்படியே எழுதாதீர்கள்.

டேம்பிங் எண்ணை நம்பும் முன்

சுத்தியல் சோதனையில் எக்ஸ்போனென்ஷியல் விண்டோ (பதிவு முடிவதற்குள் சிக்னலைப் படிப்படியாகத் தணிக்கும் பெருக்கி) போட்டிருந்தால் அது கூடுதல் டேம்பிங்கைச் சேர்க்கிறது. விண்டோவின் நேர மாறிலியையும் கோண அதிர்வெண்ணையும் பெருக்கி, 1-ஐ அதனால் வகுத்தால் கூடுதலாக வந்த டேம்பிங் விகிதம் கிடைக்கும். மாறிலி 0.5 நொடி என்றால் 100 ஹெர்ட்ஸில் 0.32 சதவீதம், 20 ஹெர்ட்ஸில் 1.6 சதவீதம். கீழ் மோட்கள்தான் அதிகம் அடிபடும். சில மென்பொருள் இதைத் தானே கழிக்கும், சிலது கழிக்காது. உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருமுறை கழித்தாலும் எதிர்மறை டேம்பிங் வந்து நல்ல மோட் ஒன்று பொய்யென்று தள்ளப்படும்.

விண்டோவே போடாமல் 2 நொடி மட்டும் பதிவு செய்திருந்தாலும் சிக்கல் உண்டு. 100 ஹெர்ட்ஸ், 0.1 சதவீத டேம்பிங் உள்ள மோட் 2 நொடியில் தொடக்க அளவின் 28 சதவீதத்துக்குத்தான் இறங்கியிருக்கும், மீதி துண்டிக்கப்பட்டு லீக்கேஜாக மாறும், டேம்பிங் அதிகமாகத் தெரியும். 10 நொடி விட்டால் 0.2 சதவீதத்துக்கு வந்துவிடும்.

மறுபடி கட்டிப் பார்ப்பது

பொறுக்கிய மோட்களை வைத்து எஃப்.ஆர்.எஃப்-களைத் திரும்பக் கட்டி, அளந்தவற்றின் மேல் போட்டுப் பாருங்கள். சிகரங்கள் பொருந்துவது பெரிய விஷயமில்லை, பள்ளங்களைப் பாருங்கள். பள்ளம் எல்லா மோட்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம் என்பதால், ஒரு மோட் குறைந்தாலோ தப்பான குறியில் வந்தாலோ அங்கேதான் முதலில் தெரியும். துண்டின் இரு ஓரங்களிலும் மட்டும் பொருந்தவில்லை என்றால் வெளியே இருக்கும் மோட்களுக்கான எச்ச உறுப்புகளைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள், அதற்காகப் புதிதாக மோட் தேட வேண்டாம்.

சந்தேகமான மோட் ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள். பல எஃப்.ஆர்.எஃப்-களில் அந்த அதிர்வெண்ணை ஒட்டி மட்டும் பொருத்தம் கெட்டால் மோட் இருக்கட்டும். எதுவும் மாறவில்லை என்றால் அது தேவையில்லை. ஒரே ஒரு எஃப்.ஆர்.எஃப்-இல் மட்டும் கெட்டால் அந்த அளவீட்டைத் திறந்து பாருங்கள், இரட்டை அடி விழுந்திருக்கலாம். மொத்தப் பிழை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், எந்தக் குப்பையைச் சேர்த்தாலும் அந்த எண் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த ஒரு ரெஃபரன்ஸின் எஃப்.ஆர்.எஃப்-களை இந்த மோட்கள் முன்கூட்டிச் சொல்கின்றனவா என்பது இன்னும் கடுமையான சோதனை, தரவு போதுமான அளவு இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

அட்டவணை எழுதும்போது உறுதியானவை, சந்தேகமானவை என்று பிரித்தே எழுதுங்கள், விட்ட துருவங்களையும் அதிர்வெண், டேம்பிங், விட்ட காரணத்தோடு கீழே போடுங்கள். கணினி மாடலின் பட்டியலை இந்தக் கட்டம் முடியும் வரை திறக்காமல் இருப்பது நல்லது, அதில் 312 ஹெர்ட்ஸில் ஒரு மோட் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் 312-இல் உங்கள் கண்ணுக்கும் ஒரு வரிசை தெரியத் தொடங்கிவிடும். பிறகு ஒப்பிடும்போது ஜோடி கிடைக்காத மோட் ஏதாவது இருந்தால், முதலில் தேட வேண்டிய இடம் அந்த விட்ட துருவங்களின் பட்டியல்.